பழுதில்லாத கணினியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை

(நுகர்வோர் மன்றக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடைந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது பற்றி இந்த மன்றத்தில் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது உடையாத பொருளைப் பற்றி. புதுக் கணினி. பொத்தானை அழுத்தினால் எழுகிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. ஆனால் வாங்கியவருடைய வேலை மட்டும் அதில் நடக்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "மெஷின்ல ஒரு குறையும் இல்லையே சார்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போனால் சோதித்துப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தந்துவிடுகிறார்கள். அவர்கள் எழுதியது பொய்யும் இல்லை. அதனாலேயே வாங்கியவர் தன் பக்கம் நியாயம் இல்லையோ என்று மயங்கி, அறுபதாயிரம் ரூபாயைத் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. சட்டத்தில் அவருக்கு வழி இருக்கிறது. எப்போது இருக்கிறது, எப்போது இல்லை என்ற இரண்டையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி வீட்டிலிருந்தபடியே சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறார். அவர் தொழில் ஒரு சின்ன யு.எஸ்.பி. டோக்கனை நம்பி நடக்கிறது. மின்னணுக் கையொப்பம் அதற்குள்தான் இருக்கிறது. பழைய மடிக்கணினி தேய்ந்துபோய்ப் புதிது வாங்கப் போகிறார். எடை குறைவு, சார்ஜ் நீண்ட நேரம் நிற்கும் என்று கடைக்காரர் காட்டியதை வாங்கி வருகிறார். டோக்கனைச் செருகுகிறார். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

என்ன நடந்தது? 2024 ஜூன் முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற செயலி பொருத்திய விண்டோஸ் மடிக்கணினிகள் சந்தைக்கு வந்தன. திரையில் தெரிவது நமக்குப் பழகிய அதே விண்டோஸ். ஆனால் உள்ளே இருப்பது இன்டெல், ஏ.எம்.டி. வகைச் செயலி இல்லை. கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் வகை. பழைய மென்பொருள்கள் பலவற்றை விண்டோஸ் இதற்கு ஏற்றபடி உள்ளுக்குள் பெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர் என்று நாம் சொல்கிறோமே, ஒரு கருவியையும் இயங்குதளத்தையும் பேசவைக்கும் அந்தச் சிறு நிரல், அதை மட்டும் பெயர்த்து ஓட்ட முடியாது. பிரிண்டரோ, ஸ்கேனரோ, கைரேகைக் கருவியோ, டோக்கனோ, அதைத் தயாரித்தவர் ஆர்முக்கென்றே தனி டிரைவர் எழுதித் தந்திருக்க வேண்டும். எழுதித் தராவிட்டால் அந்தக் கருவி அந்தக் கணினியில் வெறும் பிளாஸ்டிக் துண்டு.

இது ஒரு வகை. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 செயலியோடு கணினி கொண்டுவந்தபோது, அதுவரை இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையும் நிறுவி வேலை பார்த்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 அக்டோபரில் வந்த கேட்டலீனா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலேயே பழைய 32 பிட் மென்பொருள்கள் ஓடுவது நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 16 பிட் காலத்து நிரல்கள் அதில் திறக்காது. அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் இருபது வருடத்துக்கு முந்தைய மென்பொருளையும், பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளையும், அன்றைய எழுத்துரு முறைகளில் அடித்துவைத்த தமிழ்க் கோப்புகளையும் இன்னும் கண்போலக் காத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு புதுக் கணினி வாங்குவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தச் சிக்கல் இப்போது பெருகுவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட செயலிகளின் பட்டியலில் இருக்கும் செயலியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஏராளமாகத் தகுதி இழந்தன. விருப்பப்பட்டு வாங்குகிறவரைப் போல, வேறு வழியில்லாமல் வாங்குகிறவர் எல்லாவற்றையும் ஆராய்ந்துகொண்டு வருவதில்லை. கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறார்.

இனி சட்டத்துக்கு வருவோம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடு என்றால் என்ன என்பதை அதன் 2(10) பிரிவு விளக்குகிறது. உடைசலும் பழுதும் மட்டுமே குறைபாடு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் குறைபாடு. வெளிப்படையாகவோ உள்ளடங்கியோ இருக்கும் ஒப்பந்தத்தின்படி இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டாலும் குறைபாடு. அதற்கும் மேலே ஒரு படி போய், அந்தப் பொருளைப் பற்றி வணிகர் எந்த வகையில் என்ன சொல்லியிருந்தாலும், அவர் சொன்ன தரத்தில் அது இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான் என்கிறது. எந்த வகையில் என்பதைக் கவனியுங்கள். வாயால் சொன்னதும் சேரும், வாட்ஸ்அப்பில் எழுதியதும் சேரும், அட்டைப்பெட்டியில் அச்சிட்டதும் சேரும். "உங்க டோக்கன் இதுல சப்போர்ட் ஆகும் மேடம்" என்று கடையில் ஒருவர் சொல்லியிருந்தால், சர்வீஸ் சென்டர் எத்தனை ஜாப் ஷீட் எழுதினாலும் அந்தக் கணினி சட்டத்தின் பார்வையில் குறைபாடுள்ள கணினி.

சரி, கடைக்காரர் அப்படி வாய்விட்டுச் சொல்லவே இல்லை. நாம்தான் நம் வேலையைச் சொன்னோம், அவர் கேட்டுக்கொண்டு ஒரு கணினியை எடுத்துக் கொடுத்தார். அப்போது? அதற்கு இதைவிடப் பழைய சட்டம் ஒன்று கை கொடுக்கிறது: 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 16-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் எந்தக் காரியத்துக்காக வாங்குகிறார் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையையோ மதிப்பீட்டையோ நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தக் காரியத்துக்கு நியாயமான அளவுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். வழக்கமாக அந்த வகைப் பொருளை விற்பவராக அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் எழுதாவிட்டாலும் இது அந்த விற்பனையின் நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டால் வாங்கியவர் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்பவற்றில் மிக முக்கியமானது இதுதான். ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்டு வாங்கினால், அது குறிப்பிட்ட காரியத்துக்குத் தகுந்தது என்ற நிபந்தனை கிடையாது என்கிறது அந்த விலக்கு. நீங்கள் இணையத்தில் பார்த்து, மாடல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய், "இதைக் கொடுங்கள்" என்று வாங்கி வந்தால், கடைக்காரரின் திறமையை நீங்கள் நம்பவில்லை. உங்கள் தேர்வை நீங்களே செய்துகொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

அப்படியானால் பெயர் சொன்னாலே எல்லாம் போயிற்றா? போகவில்லை. நம் சட்டத்துக்குத் தாய்ச் சட்டம் இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம். அதிலும் இதே விலக்கு இருந்தது. 1925-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பால்ட்ரி எதிர் மார்ஷல் என்ற வழக்கு வந்தது. ஊர் ஊராகப் போய்வர வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் விற்பனையாளர்களிடம் கேட்கிறார். அதற்கு புகாட்டி கார் பொருந்தும் என்று அவர்கள் சொல்கிறார்கள். அவரும் புகாட்டி என்று பெயர் குறிப்பிட்டே வாங்குகிறார். கார் அந்தப் பயணத்துக்கு உதவவில்லை. பெயர் சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று விற்பனையாளர்கள் அந்த விலக்கைக் காட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் தேவையைச் சொல்லி, விற்றவரின் சொல்லை நம்பி வாங்கியிருக்கும்போது, ரசீதில் வணிகப் பெயர் இருப்பதாலேயே விலக்கு பொருந்திவிடாது என்று சொல்லிவிட்டது. அந்தக் காரிலும் பழுது எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் காருக்கும், தன் வேலையைச் சொல்லி வாங்கியிருந்தால் நம் பெண்மணியின் மடிக்கணினிக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை.

ஆகவே கணினிக் கடையில் உங்கள் உரிமை பிறக்கும் இடம் பில் போடும் மேசைக்கு முன்னால். பணம் கொடுப்பதற்கு முன் நீங்கள் சொல்லும் ஒரே வாக்கியத்தில் அது பிறக்கிறது. "எனக்கு இன்ன மென்பொருள் ஓட வேண்டும், இன்ன பிரிண்டர் இதில் வேலை செய்ய வேண்டும், இன்ன டோக்கன் ஏற்க வேண்டும்." பதிப்பு எண்ணோடு சொல்லுங்கள். பிரிண்டரின் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னதைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கும் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். அவர் "ஆமாம்" என்று பதில் போட்டால் உங்கள் கையில் ஆவணம் இருக்கிறது. முடிந்தால் பில்லிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்லிவிட்டால் அவர் நேர்மையாக நடந்துகொண்டார்; அதன் பிறகு வாங்குவதும் விடுவதும் உங்கள் பொறுப்பு.

சொன்ன சொல்லால் நேர்ந்த இழப்பை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி கடைசியில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. ஆனால் 2006-லேயே கடைகளில் இருந்த கணினிகள்மேல், விஸ்டாவுக்குத் தகுதியானது என்று பொருள்படும் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். மக்கள் நம்பி வாங்கினார்கள். விஸ்டா வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணினிகளில் பலவற்றில் ஏறியது எல்லாவற்றிலும் எளிய ஹோம் பேசிக் பதிப்பு மட்டுமே என்பது. விளம்பரத்தில் காட்டிய ஏரோ என்ற கண்ணாடி போன்ற திரைத்தோற்றம் அவற்றில் வரவில்லை. இன்டெலின் 915 வரைகலைச் சில்லுத் தொகுதியால் அதைத் தாங்க முடியவில்லை. 2007-இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு. நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அந்த நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே இப்படியொரு கணினியை வாங்கி, மின்னஞ்சல் பார்ப்பதற்கு மட்டும் பயன்படும் இயந்திரத்துக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். உள்ளே இருந்தவரையே அந்த ஸ்டிக்கர் ஏமாற்றியிருக்கிறது. 2008-இல் நீதிபதி மார்ஷா பெக்மன் இதை வாங்கியவர்கள் அனைவருக்குமான கூட்டு வழக்காக ஏற்றார். ஆனால் மறு ஆண்டு பிப்ரவரியில் அந்தத் தகுதியை அவரே ரத்துசெய்ய நேர்ந்தது. அந்த ஸ்டிக்கரால் கணினிகளின் விலை எல்லோருக்கும் பொதுவாக எவ்வளவு ஏறியது என்பதை மனுதாரர்களால் காட்ட முடியவில்லை. மக்கள் நம்பியது உண்மை, ஸ்டிக்கர் கண்முன்னே இருந்தது, மின்னஞ்சல்கள் கையில் இருந்தன, அவ்வளவும் போதவில்லை. எழுத்தில் இருந்ததற்கே அந்தக் கதி என்பதால், அந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களிடம் என்ன சொன்னார்கள், அது எதில் பதிவாகியிருக்கிறது" என்பதுதான்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நன்மை உண்டு. விற்பவர் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. 2020 ஜூலை 23-இல் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின் 6-ஆவது விதி, விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மைகளும் வசதிகளும் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவோ, பணத்தைத் தர மறுக்கவோ விற்பவருக்கு உரிமை இல்லை என்கிறது. பொருள் பழுதாக இருக்க வேண்டும் என்றுகூட இங்கே தேவையில்லை. விற்பனைப் பக்கத்தில் இருக்கும் விவரங்களையும், கேள்வி பதில் பகுதியில் விற்பவர் தந்த பதில்களையும் வாங்கும் அன்றே படமெடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கு மாறிவிடலாம். புகார் கொடுத்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

எங்கே உரிமை இல்லை என்பதையும் சொல்கிறேன் என்றேன். வாங்கியபின் மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தர நம் நாட்டில் பொதுவான சட்ட உரிமை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். இங்கே தளங்கள் தரும் ஏழு நாள், பத்து நாள் எல்லாம் அவர்களாக வைத்துக்கொண்ட கொள்கை. யாரிடமும் எதுவும் கேட்காமல், சரியான விவரங்கள் எழுதியிருந்த ஒரு கணினியை வாங்கி, அது உங்கள் பழைய பிரிண்டரோடு சேரவில்லை என்றால், அந்தக் கொள்கை அனுமதிக்கும் வரைதான் உங்களுக்கு வழி. அதனால் பெட்டியைப் பிரித்த அன்றே உங்கள் கருவிகள் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். புதிதாகத் தைத்த சட்டையைப் போல விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

பொருந்தவில்லை என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது, பயன்படுத்துவதை நிறுத்துவது. பொருளை ஏற்கவில்லை என்று நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்ளும். அதன் பிறகு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும். ஒரு மாதம் படம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் வழக்கு தளர்ந்துவிடும். பிழைச் செய்தியைப் படமெடுங்கள். என்ன காரியத்துக்கு வாங்கினேன், யார் என்ன சொன்னார், இப்போது என்ன நடக்கிறது, பணத்தைத் திருப்பித் தருக என்று நான்கு வரி எழுதிக் கடைக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். மறுத்த பொருளை நீங்களே சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூடச் சட்டத்தில் இல்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43-ஆம் பிரிவு. கணினியை ஒப்படைக்கும்போது உங்கள் கோப்புகளை நகல் எடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, சேமிப்பகத்தைத் துடைத்துக் கொடுங்கள். அதற்கு முன் பிழை தெரியும் காணொளியை எடுத்து வைத்துவிட வேண்டும். துடைத்தபின் சாட்சி இருக்காது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019 சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. கடையில் அடித்த ரப்பர் ஸ்டாம்ப் நாடாளுமன்றச் சட்டத்தை வெல்லாது.

கடை மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேதான் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கணினியை டெல்லிக்காரர் அனுப்பியிருந்தாலும் அவர்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வழக்கறிஞனாகிய நானே இதைச் சொல்கிறேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சோதனைக் கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பிலிருந்து நிச்சயம் வரும் ஒரு வாதத்துக்கும் பதில் வைத்திருங்கள். "இவர் தொழிலுக்காக வாங்கினார், இவர் நுகர்வோரே இல்லை" என்பார்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெரிய அளவில் உற்பத்தி செய்ய இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் நுகர்வோர் இல்லை என்றுதான் தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில், தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அன்றைய தட்டச்சர்தான் இன்று நம் ஜி.எஸ்.டி. பெண்மணி, தனியாள் டி.டி.பி. கடைக்காரர். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் அலுவலகம் இருபது கணினி வாங்கியிருந்தால் கதை வேறு. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கடைசியாக, இந்த மன்றம் செய்ய வேண்டிய ஒன்று. நான் பாடுபட்டு விளக்கிய அந்த வணிகப் பெயர் விலக்கை, அதைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே 1973-இல் நீக்கிவிட்டது. நம் சட்டத்தில் அது இன்னும் இருக்கிறது. எல்லாப் பொருளும் மாடல் எண்ணோடு விற்கும் காலத்தில் அந்த விலக்கு வாங்குகிறவரை மட்டுமே தண்டிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்து 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொருள் விற்பனை ஆணையில், ஒரு பொருள் மற்றக் கருவிகளோடும் மென்பொருளோடும் சேர்ந்து இயங்க வேண்டும் என்பதையே விற்பனையின் தகுதிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதல் ஓராண்டுக்குள் தெரியும் குறை, விற்றபோதே இருந்த குறை என்றுதான் அங்கே கொள்ளப்படும்; இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே அந்தச் சுமை நம் பெண்மணியின் தோளில் இருக்கிறது.

1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலிருந்து அந்த விலக்கை நீக்கவும், நுகர்வோர் சட்டத்தின் குறைபாட்டு விளக்கத்தில் பொருந்தாமையைச் சேர்க்கவும் நாடாளுமன்றத்தைக் கேட்டு, இன்று மாலைத் தீர்மானங்களோடு இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் தருகிறேன். இங்கே வந்திருக்கும் வணிகர்களும் அதில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளர் சொல்லாமல் மறைத்த பொருந்தாமைக்கு வாடிக்கையாளர் முன்னால் பதில் சொல்லி நிற்பவர்கள் அவர்கள்தானே.